பொம்மை கெட்டியாகும் நேரம்

பீங்கான் பொம்மை வார்ப்பது எப்படி என்று கேட்டால் எங்கள் ஊரில் நூறு பேர் சொல்லிக் கொடுப்பார்கள். வெள்ளை மண்ணையும் கல்மாவையும் தண்ணீர் விட்டு அரைத்து, இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஸ்லிப் என்று பெயர். அதைப் பிளாஸ்டர் மோல்டுக்குள் வாய்வரை ஊற்ற வேண்டும். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் பாலாடை மாதிரிப் படிந்துகொண்டே வரும். போதுமான கனம் வந்ததும் மோல்டைக் கவிழ்த்து, மிச்சத்தை வாளியில் வடித்துவிட வேண்டும். சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் பொம்மை. உள்ளே ஒன்றும் இருக்காது.

எப்போது கவிழ்ப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தர முடியாது. வெயில் காலத்தில் மோல்டு காய்ந்து கிடக்கும், சீக்கிரம் பிடிக்கும். மழைக்காலத்தில் ஈரம் கோத்திருக்கும், தாமதமாகும். புதிதாக வந்தவர்கள் மோல்டின் வாயோரத்தைக் கத்தியால் கீறிக் கனம் பார்ப்பார்கள். நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சிகரெட் இருந்தது.

நாற்பது மோல்டில் வரிசையாக ஊற்றி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போவேன். உடைந்ததையும் வெடித்ததையும் கொட்டுகிற குவியல் அங்கே இருந்தது. கைப்பிடி இல்லாத கப்பு, விரிசல் விட்ட ஃபியூஸ் கட்டை, தலை போன பொம்மை என்று ஒரே வெள்ளையாகக் கண்ணைக் கூசும். அதன் ஓரத்தில் ஒரு ஓட்டை வாஷ்பேசினைக் கவிழ்த்துப் போட்டிருந்தோம். அதன் மேல் உட்கார்ந்து ஒரு சிகரெட். திரும்பி வந்து முதல் மோல்டைக் கவிழ்த்தால் கனம் சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை என்றால் ஒன்றும் பாதியும். அந்தப் பாதியை எதிர்மேசைக்காரனிடம் வாங்கிக்கொள்வேன். வார்ப்பு மேசைக்கு வந்த பதினாறு வருடமும் இந்தக் கணக்கு தவறியதில்லை.

எதிர்மேசைக்காரன் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவான். என்னைவிட ஆறேழு வயது சின்னவன். உறவு ஒன்றும் கிடையாது. அவன் என்னை மாமா என்பான், நான் மாப்ள என்பேன். அவனும் வார்ப்புதான். இரண்டு பேரும் ஊற்றி முடித்துவிட்டு ஒரே வாஷ்பேசினில் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவோம். அவன் வாய் சும்மா இருக்காது. எங்கள் முதலாளியம்மா, புருஷன் போன பிறகு ஷெட்டைத் தனியாக எடுத்து நடத்தியவர், எந்நேரமும் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரைப் பற்றி, "அம்மாவுக்கு நம்ம மேல சந்தேகம் இல்ல மாமா, பொக மேலதான். பொகைய கூலில புடிக்க முடியலியேன்னு பாக்குறாங்க" என்பான். இப்படி ஏதாவது. அவன் சொன்னதையெல்லாம் நான் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி சொல்லிச் சிரிப்பேன்.

எனக்கு இருமல் வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் கழித்து. செல்போன் அப்போதுதான் எங்களை மாதிரி ஆட்களின் சட்டைப்பைக்கு வந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன வேலை?"

"பீங்கான் வேலைங்க. இருவது வருசம் இருக்கும்."

"தூசிய விடச் சொன்னா சோத்துக்கு என்ன பண்ணுவீங்க? அதனால அத நான் சொல்லல. சிகரெட்ட விட்டுடுங்க. ரெண்டும் சேந்து குடித்தனம் பண்றதுக்கு உங்க நெஞ்சுல இடம் இல்ல. இப்ப விட்டா பொழைக்கலாம்."

வீட்டில் எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி. மறுநாளே விட்டேன். பாக்கெட்டில் நாலு மிச்சம் இருந்தது. எதிர்மேசைக்காரனிடம் நீட்டினேன். "என்னா மாமா, பாகம் பிரிக்கிற மாதிரி குடுக்கற" என்று வாங்கிக் காதில் ஒன்றைச் செருகிக்கொண்டான்.

விட்டால் கை நடுங்கும், தலை வலிக்கும், வாய் ஊறும் என்று எல்லாரும் சொன்னார்கள். கிராம்பு போடு என்றார்கள், பொட்டுக்கடலை மெல்லு என்றார்கள். டீக்கடைக்காரர் ஒரு வாரம் காசு வாங்காமல் புளிப்பு மிட்டாய் கொடுத்தார். நடுக்கமும் தலைவலியும் வந்தன, இருபது நாளில் போயின. அதற்குப் பிறகு வந்ததைப் பற்றித்தான் ஒருத்தரும் சொல்லவில்லை.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சாப்பிட்டு முடித்திருப்பேன், முடித்த மாதிரி இருக்காது. வேலை விட்டு வந்து கால் கழுவியிருப்பேன், வந்து சேர்ந்த மாதிரி இருக்காது. பெண் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தாள், ஒரு சில்வர் டப்பா. கையில் வாங்கிப் பார்த்தேன். சந்தோஷம் எங்கேயோ பக்கத்துத் தெருவில் நடக்கிற கல்யாணம் மாதிரி இருந்தது. மேளம் கேட்கிறது, எனக்குப் பத்திரிகை இல்லை. சிகரெட் ஆசை என்றால் எனக்குத் தெரியும், அதோடு சண்டை போடலாம். இது ஆசை இல்லை. எதன் மேலும் ஆசை இல்லாதது.

வீட்டில் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். பேசினால் அது திட்டாக இருக்கும். குழம்பில் உப்பு என்று தட்டைத் தள்ளினேன். ரேடியோ சத்தம் என்று பெண்ணை அதட்டினேன். அவள் நான் வருகிற நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்குப் படிக்கப் போக ஆரம்பித்தாள். என் மனைவி மூன்று மாதம் பொறுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணியை அலசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"நீ புடிச்சிக்கிட்டே இருந்திருக்கலாம்யா. நீ செத்தா ஒரு வாரம் அழுவன், பத்து நாள் அழுவன். இப்ப உசுரோட வெச்சிக்கிட்டு தெனம் அழுவறன்."

நான் எழுந்து வெளியே போனேன். போவதற்கு இடம் இல்லை. டீக்கடைக்குப் போனால் புகை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் புகை. எனக்குத் தெரிந்த ஆம்பிளைகள் பேசுகிற இடமெல்லாம் புகை பிடிக்கிற இடமாகத்தான் இருந்தது என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. ரயில்வே கேட்டில் நின்று, எதிரே வந்த சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணிவிட்டுத் திரும்பி வந்தேன்.

குவியல் பக்கமும் நான் போவதில்லை. எதிர்மேசைக்காரன் ஆரம்பத்தில் கூப்பிட்டான். "சும்மா வந்து ஒக்காரு மாமா, பொக உன்ன கடிச்சிடுமா?" என்றான். நான் தலையாட்டி மறுத்தேன். அப்புறம் அவன் கூப்பிடவில்லை. அவன் முதுகு சாய ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரியும்.

நவராத்திரிக்குப் பிள்ளையார் வார்த்துக்கொண்டிருந்தோம். உட்கார்ந்த பிள்ளையார், ஒரு சாண் உயரம். ஊற்றுவேன். அப்புறம் மேசைக்கு முன்னால் நிற்பேன். சுவரில் கடிகாரம் இருந்தது, முள் நகராது. கையைத் துடைப்பேன். வாளியை நகர்த்தி வைப்பேன். நாற்பது மோல்டும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பத்து நிமிடம் மாதிரி ஒரு நீளம் என் ஆயுசில் கிடையாது. போதும், பிடித்திருக்கும் என்று தோன்றும், கவிழ்த்துவிடுவேன். மோல்டைப் பிரிக்கும்போது பொம்மை மெத்தென்று இருந்தது. ஈரக்காற்று என்று நினைத்துக்கொண்டேன். கத்தியை எடுத்து ஓரத்தை ஒரு கீறு கீறியிருந்தால் தெரிந்திருக்கும். பதினாறு வருடம் கீறாத ஆள் இப்போது கீறினால் ஃபினிஷிங் மேசையில் இருக்கிற பொம்பளைகள் பார்ப்பார்களே என்ற திமிர்.

எங்களுக்குச் சொந்தச் சூளை இல்லை. ஏழெட்டு ஷெட்டுகளின் சரக்கு ஒரே பொதுச் சூளைக்குப் போய் வெந்து வரும். யார் வார்த்தது என்று தெரிய அடியில் ஆணியால் குறி போடுவோம். என் குறி ஒரு கோடு, எதிர்மேசைக்காரனுடையது பெருக்கல். மூன்று நாள் வார்ப்பு மொத்தமாகப் போய்த் திரும்பி வந்தது. டிராலியிலிருந்து முதல் தட்டை இறக்கிய பொம்பளை சிரித்துவிட்டாள்.

"யண்ணே, புள்ளையாருக்குப் பக்கவாதம் வந்துடுச்சிண்ணே."

கனம் போதாமல், சூட்டில் தும்பிக்கை தொய்ந்து தொடையில் ஒட்டியிருந்தது. காது மடிந்திருந்தது. சிலதில் தொப்பை உள்வாங்கிக் கிழிந்திருந்தது. இரண்டாம் தட்டு வந்தபோதும் சிரிப்பு இருந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டது. எதிர்மேசைக்காரன் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தான். கோடு. சட்டென்று கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டான். மூடி என்ன பிரயோசனம், வெந்த பீங்கானில் கீறியது அழியுமா? முதலாளியம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் கோடு.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். "ஏம்ப்பா, ஒடம்பு சரியில்லன்னா சொல்லியிருக்கலாம்ல" என்றார். மறுநாள் என் மேசையில் வேறு ஆள். என்னை மண் கலக்கிற கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்மாவு மூட்டையைப் பிரித்து அரைக்கிற உருளையில் கொட்டுகிற இடம் அது. கொட்டும்போது எழும்புகிற வெள்ளைத் தூசி அரைமணி நேரம் அந்தரத்தில் நிற்கும். வாயில் துண்டு கட்டிக்கொண்டால் துண்டுக்கு உள்ளேயும் வெள்ளை. ஷெட்டிலேயே தூசி அதிகமான இடம் அதுதான். நெஞ்சைக் காப்பாற்றத்தான் சிகரெட்டை விட்டேன். அதை விட்டதால்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

இருமல் மறுபடி வந்தது. ஒரு மாதம் தள்ளினேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், மூட்டையைப் பாதி பிரித்து அப்படியே போட்டுவிட்டு, நேராகக் குவியலுக்குப் போனேன். எப்படியும் போகப் போகிற நெஞ்சு, இதை எதற்கு வாயைக் கட்டி வளர்ப்பது என்று தோன்றிவிட்டது. சிகரெட் இருந்தால் கனம் சரியாக வரும், மேசை திரும்பக் கிடைக்கும், வீட்டிலும் மனுஷனாக இருக்கலாம் என்று கணக்கு. எதிர்மேசைக்காரன் அப்போதுதான் பற்ற வைத்திருந்தான்.

"ஒண்ணு குடு மாப்ள."

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஊருக்குப் போன பெண்டாட்டி திரும்பி வந்த மாதிரி. "அட வா மாமா, ஒக்காரு, ஒக்காரு" என்று இடம் விட்டான். ஒன்றை எடுத்து அவனே என் உதட்டில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தான். நான் மூச்சை உள்ளே இழுத்தேன். தீ இன்னும் வந்து சேரவில்லை, வெறும் மூச்சுதான். அதற்கே இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்தேன், நிமிர முடியவில்லை. சிகரெட் எங்கோ விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கே என்னுடையதாகத் தெரியவில்லை. துண்டில் வெள்ளையும் சளியும் சிவப்பாக ஒரு இழையும் இருந்தன. குச்சி அவன் விரலைச் சுட்டுக்கொண்டு எரிந்ததை அவன் கவனிக்கவில்லை.

"இன்னா மாமா இது" என்றான். என் தோளைப் பிடித்துத் தூக்கி வாஷ்பேசினில் உட்கார வைத்தான்.

சாயங்காலம் அவன் முதலாளியம்மாவிடம் போய் நின்றது பிறகுதான் எனக்குத் தெரியும். "மாமாவ மேசையில என் பக்கத்துல போடுங்கம்மா. கவுக்குற நேரம் நான் சொல்றன். ஒரு பொம்ம மெலிஞ்சாலும் என்னக் கேளுங்க" என்றானாம்.

அப்படித்தான் திரும்பி வந்தேன். இருவரும் ஊற்றி முடிப்போம். அவன் குவியலுக்குப் போவான். நான் கூடப் போய்க் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நிற்பேன். "உனக்கும் சேத்து நானே இழுக்கறன், நீ நின்னா போதும்" என்பான். அவன் சிகரெட் விரலைத் தொடுகிற நேரம், நான் போய்க் கவிழ்ப்பேன். பொம்மைகள் மறுபடி கனமாக வந்தன.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். சரியாகவில்லை. அவன் புகைக்க, நான் வெறும் கையோடு நின்றேன், அவ்வளவுதான். அந்த வெறுமை வருகிற நேரம் எனக்குத் தெரிந்துபோயிற்று; சாப்பிட்ட பிறகு, வேலை விட்ட பிறகு, நல்ல சேதி வந்த பிறகு. வந்தால் எழுந்து எங்கேயும் ஓடாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். மனைவியிடம், "இப்ப எனக்கு ஆவல, கொஞ்ச நேரம் பேசாத" என்று சொல்லப் பழகினேன். "இத மொதல்லியே சொல்றதுக்கு என்னா" என்றாள். பெண் வீட்டிலேயே படிக்க ஆரம்பித்தாள். ஆனால் நான் வந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அந்தப் பழக்கம் அவளுக்குக் கடைசிவரை போகவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. பிறகு எதிர்மேசைக்காரனுக்குத் தொண்டை கட்டியது. கட்டியது திறக்கவே இல்லை. "பேசிப் பேசி தேஞ்சி போச்சி மாமா" என்றான் கரகரத்து. சோறு இறங்கவில்லை. புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தான். புற்று என்று சொல்லி இரண்டு மாதம் கரண்ட், அதாவது கதிர், வைத்தார்கள். அப்புறம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறு தோறும் மத்தியான பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். கழுத்தெல்லாம் கருகிப்போயிருந்தது. குரல் இல்லை, காற்றுதான். அந்தக் காற்றிலும் கேலி இருந்தது: "பாரு, முதலாளியம்மாவுக்கு நிம்மதி, பொக நின்னுடுச்சி." கடைசியாக நான் போனபோது அவன் மனைவி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு சிகரெட்டும் தீப்பெட்டியும் எடுத்தான்.

"இழுக்க மூச்சி இல்ல. பத்த மாட்டேங்குது. நீ ஒரு இழு இழுத்து, பத்த வெச்சிக் குடு."

கையில் வாங்கினேன். மெல்லிசாக, எடையே இல்லாமல் இருந்தது. ஒரு இழு. அவன் எனக்காக ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தான். எனக்குத் தெரியும், அந்த ஒன்றை உள்ளே விட்டேன் என்றால், உள்ளே காலியாகக் கிடக்கிற இடம் முழுக்க அது போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்ப எழுப்ப என்னால் ஆகாது. துண்டில் பார்த்த சிவப்பு கண்ணில் வந்தது.

"வேணாம் மாப்ள. என்னால முடியாது."

அவன் என்னையே பார்த்தான். கோபம் இல்லை. நான் சொன்னது விளங்காத மாதிரி இருந்தது. பிறகு கையை நீட்டித் திரும்ப வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"சரி. பஸ்ஸு போயிடும், கெளம்பு" என்றான்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கிளம்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு வருவதற்குள் சேதி வந்துவிட்டது.

போய் இறங்கியபோது பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். மனைவியையும் கூட்டிப் போயிருந்தேன். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், குறையாகச் சொல்லவில்லை, சும்மா நடந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "நேத்து பக்கத்து வூட்டு அண்ணன் ஒண்ணு பத்த வெச்சிக் குடுத்தாருங்க. ஒதட்டுல வெச்சிக்கிட்டு இருந்தாரு. இழுக்க முடியல. அதுவே எரிஞ்சி முடிஞ்சிது."

பந்தலில் ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சாவு வீட்டு வழக்கப்படி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பீடிக்கட்டு, பிரித்த சிகரெட் பாக்கெட், தீப்பெட்டி எல்லாம் வைத்து வந்தவர்களுக்கு நீட்டினார்கள். அது கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. எனக்கு அடுத்த நாற்காலியில் ஆள் இல்லை. கீழே வைக்க மனசு வரவில்லை. தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்து தூக்குகிறவரை அந்தத் தட்டு என்னிடம்தான் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் நீட்டினேன். கை நடுங்குகிற பெரியவர்களுக்குக் குச்சி கிழித்து, காற்றுக்குக் கையால் மறைத்துப் பிடித்தேன். அவர்கள் இழுத்தார்கள், நெருப்பு பிடித்தது. காலியாகிப் போனபோது கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் வாங்கி வந்து பிரித்து அடுக்கினேன். ஷெட்டிலிருந்து வந்த பொம்பளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியம்மா பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்ணாடத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், அவன் மாமனார் வழிச் சொந்தமாம், ஒன்றை எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டு நல்ல மனசோடு கேட்டார்:

"நீங்க எடுத்துக்கலியா?"

"விட்டுட்டங்க."

"எத்தினி வருசம் ஆச்சி?"

"ரெண்டு முடியப் போவுதுங்க."

"அடேங்கப்பா" என்றார் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்து. "கெட்டிக்காரருங்க. நம்மளால முடியுமா?"

இரண்டு பேரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் தட்டை அடுத்த வரிசைக்கு எடுத்துப்போனேன்.